ஒரே தூரம்

"முன்னாடி போகுது, பின்னாடி வருது, கடைசில மங்கலாவே நின்னுடுது. ஃபோகஸ் பிடிக்கவே மாட்டேங்குது" என்றார் வந்தவர்.

முழங்கை நீளத்துக்கு இருந்த லென்ஸை லென்ஸ் டாக்டர் கையில் எடுத்து, மெல்லக் குலுக்கிக் காதோரம் வைத்துக் கேட்டாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. பழுதான லென்ஸைப் பிரித்து, மறுபடி ஒழுங்காகக் கோத்துக் கொடுக்க அந்த ஊரில் அவளை விட்டால் ஆளில்லை.

"இதுல என்ன எடுப்பீங்க?"

"பறவைங்க." அவர் ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக் 'கடக்'கென்று கடித்தார். கண் மாடிப்படிப் பக்கம் போயிற்று. "மேல வீடா உங்களுக்கு? தனியாவா இருக்கீங்க?"

"கூட்டம் சேர்த்து என்ன பண்ணப் போறேன்? முடிச்சதும் போன் பண்றேன், வாங்க."

அவர் போனதும், லென்ஸ் வைத்திருந்த பெட்டியின்மேல் 'பறவைக்காரர்' என்று எழுதி ஒட்டினாள்.

மேலே இருப்பது யார் என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. இருப்பது தங்கை. உடைந்த கையோடு புருஷன் வீட்டிலிருந்து தப்பி வந்தவள். அவன் தங்கையை நெருங்கவே கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. ஆனால் கோர்ட் வாசலிலேயே அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "எங்க போய் ஒளிஞ்சாலும் என் கண்ணுல படாமலா போயிடுவ?" அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் கோழித் தூக்கம்தான்.

அவள் வேலையில் இறங்கினாள். லென்ஸின் பின்புறமிருந்த பித்தளைப் புள்ளிகளைத் துடைத்து, தன் கேமராவில் மாட்டிப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த எழுத்து அட்டையை டக்கென்று பிடித்தது. தெருக்கோடிப் பெயர்ப்பலகையையும் பிடித்தது. அப்படியானால் மோட்டாரில் கோளாறு இல்லை. நடுவில் ஏதோ ஓரிடத்தில் மட்டும், வழி மறந்தவனைப்போல முன்னும் பின்னும் அலைந்து திணறியது.

திருகுகளைக் கழற்றிப் பிரித்தாள். உள்ளே, உருளையைச் சுற்றி மெல்லிய பட்டை ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு குட்டிக் கம்பித் தூரிகை உரசிக்கொண்டே நகரும். ஃபோகஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கேமராவுக்குச் சொல்வது அதுதான். பட்டை முழுக்கப் புத்தம்புதிதாக மின்னியது, ஓரிடத்தைத் தவிர. அங்கே மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது.

தங்கை டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஆபரேஷனா? ஆள் பொழைக்குமா?"

"பொழைக்கும். பறவை எடுக்கிற லென்ஸாம். ஆனா பாரு, ஒரே தூரத்துல வச்சு வச்சே தேய்ச்சிருக்கான் மனுஷன். பறவைன்னா கிட்டயும் வரும், எட்டியும் போகும். இது என்னடி பறவை, நகராம ஒரே எடத்துல?"

"கோழியா இருக்கும். அடைகாக்குது போல."

இருவரும் சிரித்தார்கள். தங்கை சிரித்து வெகு நாளாயிற்று. அந்தச் சந்தோஷத்திலேயே அக்கா, தூரிகையின் நுனி தேயாத இடத்தில் உரசும்படி நூலளவு நகர்த்தி, எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். பிறகு வழக்கம்போலப் போனை எடுத்தாள். நோய் இன்னதென்று சொல்லாமல் அவள் யாருக்கும் லென்ஸைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை.

"சார், கண்டுபிடிச்சுட்டேன். நீங்க எப்பவும் ஒரே தூரத்துலயே வச்சு எடுக்கிறீங்க. ஒரு முப்பது மீட்டர் இருக்கும். அந்த எடம் மட்டும் தேஞ்சு போச்சு."

மறுமுனையில் 'கடக்' என்று சத்தம் கேட்டது.

"உங்கள யாரு உள்ள பிரிச்சுப் பாக்கச் சொன்னா?"

"பிரிக்காம வைத்தியம் பண்ண நான் என்ன மந்திரவாதியா?"

"அப்படியே வைங்க. இப்பவே வர்றேன்."

போன் கட்டானது. 'என்ன மனுஷன் இவன்' என்று முணுமுணுத்தபடி, கடைசிச் சோதனைக்காகக் கேமராவோடு மாடி ஏறினாள். தங்கை அறையின் ஜன்னல்தான் அதற்குத் தோதான இடம். எதிர்க் கட்டடத்தின் மேல்மாடி நேர் எதிரே தெரியும். போன மாதம் வரை 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்கிய ஜன்னல் அங்கே இருந்தது. அதைக் குறிவைத்துப் பொத்தானைத் தொட்டாள். லென்ஸ் அலையவே இல்லை. ஒரே தாவலில் பிடித்தது.

திருப்தியோடு லென்ஸின் மேலிருந்த தூர அளவைப் பார்த்தாள். முள் நின்றது அதே முப்பது மீட்டரில். பட்டை தேய்ந்திருந்த அதே இடம்.

இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரமோ, அங்கிருந்து இங்கேயும் அவ்வளவுதான்.

கண்ணைக் கேமராவில் வைத்தாள். எதிர் ஜன்னல் திரையின் இடுக்கில் கேமரா மாட்டும் முக்காலி ஒன்று, காலியாக இந்த ஜன்னலைப் பார்த்து நின்றது. அதன் பக்கத்தில் ஒருவன் நாற்காலியில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் தாடிகூட ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது. தங்கையின் புருஷன்.

கிளிக் செய்தாள். மறுபடி, மறுபடி.

"பாப்பா, ஜன்னல்கிட்ட வராத. குனிஞ்சு உக்காரு" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடிக் கடை ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். படங்களைத் தங்கையின் வழக்கைப் பார்க்கும் வக்கீலம்மாவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'முகம் தெளிவா இருக்கு. இது போதும். போலீஸுக்குச் சொல்றேன், அவங்க வர்ற வரைக்கும் கதவத் திறக்காதீங்க.'

சிறிது நேரத்தில் ஷட்டரை யாரோ தட்டினார்கள். மெதுவாக, அவசரமே இல்லாமல். அவள் திறக்கவில்லை. தட்டியவன் நகர்ந்து போனான்.

போலீஸ் வந்தது. தங்கையின் புருஷன் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் பிடித்துவிட்டார்கள். பறவைக்காரன்தான் அகப்படவில்லை.

"நீங்க போன்ல உளறாம இருந்திருந்தா ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல அமுக்கியிருப்போம்" என்று இன்ஸ்பெக்டர் கடிந்துகொண்டார். "பரவால்லம்மா. தெருவோட ரெண்டு பக்கமும் ஆள் நிறுத்தியிருக்கோம். எங்கயும் போயிட முடியாது. அந்த லென்ஸை நல்லாப் பார்த்து, கண்டத அப்படியே சொல்லுங்க, சாட்சியத்துக்கு வேணும்."

அவர்கள் போனதும் தங்கை மாடியில் கட்டிலில் படுத்தவள், பட்டப்பகலில் அசந்து தூங்கிவிட்டாள். காற்றுக்காக, அறையை ஒட்டிய மொட்டைமாடிக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குவது அவள் வழக்கம்.

அக்கா மறுபடி லென்ஸைப் பிரித்தாள். இந்தத் தடவை பட்டையை அணு அணுவாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். தேய்ந்த இடத்துக்கு வெகு தள்ளி, கிட்ட இருப்பதைப் பிடிக்கும் பக்கத்தில், இன்னொரு தடம் இருந்தது. மெல்லியது. புதியது.

லென்ஸைக் கோத்து, ஃபோகஸை அந்த இரண்டாவது தடத்தில் நிறுத்தி, அசையாதபடி டேப் ஒட்டினாள். மாடிக்குப் போய்த் தூங்கும் தங்கையின் முகத்தைக் கேமராவில் பார்த்தாள். மங்கல். ஓரடி பின்னால் போனாள். மங்கல். முதுகு கதவு நிலையில் உரசியது. இன்னும் மங்கல்தான். வாசற்படியைத் தாண்டி வெயிலுக்குள் போனாள். தங்கையின் நெற்றி மெல்லத் தெளிந்தது. இமை மயிர் தெளிந்தது. கழுத்தில் ஆறிப்போன வடு தெளிந்தது.

அவள் முதுகு எதிலோ மோதி நின்றது. தண்ணீர்த் தொட்டி.

காலடியில் பெப்பர்மின்ட் காகிதங்கள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல. வெயிலில் வெளுத்தவை, மழையில் நனைந்து ஒட்டியவை, இன்னும் கசங்காமல் பளபளப்பவை. பக்கத்து மாடிச் சுவர் இடுப்பளவுதான். அதைத் தாண்டினால் அடுத்த மாடி, அதற்கடுத்தது, தெருக்கோடி வரைக்கும்.

போலீஸ் தெருவில்தான் ஆள் நிறுத்தியிருந்தது.

உள்ளே ஓடித் தங்கையை எழுப்ப வேண்டும், கதவைச் சாத்த வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் அடி எடுத்து வைத்தாள்.

தொட்டிக்கு அந்தப் பக்கம், மிக அருகில், 'கடக்' என்று கேட்டது.