தேய்த்தால் போகாத கறை

வண்டிப் பட்டறையில் அவனுக்குப் பெயரே 'பாலிஷ்'. வெயிலில் வெளுத்து, பறவை எச்சம் காய்ந்து, பார்க்கச் சகிக்காமல் வந்து நிற்கிற காரும் அவன் கை பட்டால் முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிடும். கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றது? ஆனால் கெட்டிக்காரர்களுக்கு ஒரு சனியன் பிடித்த குணம் உண்டு. தங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தையில் உலகமே அடக்கம் என்று நினைத்துவிடுவார்கள்.

அவனுடைய ஒரே மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். எட்டு வயது. பால் பல் விழுந்து புதிதாக முளைத்த முன்பல் இரண்டிலும் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. 'துருப்பிடிச்ச பல்லு' என்று வகுப்பில் ஒருத்தி ஆரம்பித்துவைக்க, மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாலு சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

துரு என்று கேட்டதும் இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆயுசு பூரா துருவோடு மல்லுக்கட்டுகிறவன் மகளுக்கா இந்தப் பெயர்? சோடா மாவையும் பொடி உப்பையும் குழைத்து, தினமும் காலையில், பட்டறையில் செய்வது போலவே சின்னச் சின்ன வட்டமாக அவள் பல்லைத் தேய்க்க ஆரம்பித்தான்.

"கூசுதுப்பா. போதும்ப்பா."

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு. தேய்ச்சா போகாத கறை எது?"

"அது பல்லுங்க, பம்பர் இல்ல. புள்ளைய விடுங்க," என்றாள் மனைவி. அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் என்று வாலு அழுதபோது, செல்லம் கூடிப்போச்சு என்றான். கடைவாய் வலிக்குது என்றபோது, சாக்லேட் தின்ற வினை என்றான். பாவம், அது சாக்லேட்டைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். ஒரு நாள் சாயங்காலம் பிஸ்கட்டைக் கடித்தாள், கடைவாய்ப்பல்லில் ஒரு மூலை சுவர்க்காரை மாதிரி உதிர்ந்து கையில் வந்தது. அப்போதுதான் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவனுக்கு உறைத்தது. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, அவனே கூட்டிக்கொண்டு போனான்.

பல் டாக்டரம்மா விளக்கை இழுத்துவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது கறை இல்லைங்க. பல்லோட மேல் ஓடே இப்படித்தான் உருவாயிருக்கு. கைக்குழந்தையா இருக்கும்போதே, ஈறுக்குள்ள. சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகுது, ஏன்னு உறுதியா சொல்ல முடியல. இந்த ஓடு ரொம்ப மென்மையா இருக்கும், சுலபமா உதிர்ந்துடும்." முன்பல்லை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "இங்க நல்லாவே தேஞ்சிருக்கே. எதையாவது போட்டுத் தேய்ச்சீங்களா?"



"நான்தான் தேய்ச்சேன்," என்றாள் வாலு.

அப்பனைக் காப்பாற்றுகிறாளாம். வேலி பயிரை மேய்ந்ததும் இல்லாமல், பயிர் வேலிக்குச் சாட்சி வேறு சொல்கிறது. அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"இல்ல டாக்டர். நான்தான். தினமும்."

அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"போன ஓடு திரும்ப வளருமா?"

"வளராது."

"மேல ஏதாவது பூசலாம்ல?"

"பூசலாம். அடியில பிடிப்பு இல்ல, பெயர்ந்து பெயர்ந்து வரும். திரும்பத் திரும்பப் பூசிக்கிட்டே இருக்கணும்."

அடி உளுத்திருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதைச் சொல்லியே எத்தனையோ வண்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். பெற்ற மகளை எங்கே திருப்பி அனுப்புவது?

கடைவாய்ப்பல்லை அடைக்க, மரத்துப்போக ஊசி போட்டார் டாக்டர். இந்த மாதிரிப் பல்லுக்கு மருந்து சரியாகப் பிடிப்பதில்லையாம். இன்னொன்றும் போட்டார். உதடு மரத்தது, பல் மரக்கவில்லை. கண்ணீர் வழிந்து வாலுவின் காதுக்குள் போயிற்று. ஆனாலும், "ஆ காட்டு செல்லம்," என்று டாக்டர் சொன்னபோதெல்லாம் வாயைத் திறந்தாள். டாக்டரும் நிறுத்தி நிறுத்தி, முடிந்த மட்டும் சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்தார். கார் கதவைக் கண்ணாடியாக்குகிறவன் கையைப் பிசைந்துகொண்டு ஓரமாக நின்றான்.

எல்லாம் முடிந்து எழுந்து உட்கார்ந்தபோது மரத்த உதட்டோரம் எச்சில் ஒழுகியது. அவன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு துடைத்துவிடக் குனிந்தான்.

வாலு வாயை இறுக மூடிக்கொண்டாள். மேலே இரண்டு கையையும் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"தொடைக்கத்தான் கண்ணு," என்றான். "தேய்க்க மாட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். நம்புகிறேன் என்றுதான் ஆட்டினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.