சும்மா கொடுத்த மாத்திரை

எங்கள் ஊரில் தூக்கம் விற்பவள் நான்தான். மலைக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கும் இந்த ஊரில் பாதிப் பெண்களுக்குத் தூக்கம் கிடையாது. பிள்ளைகள் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். தாய்மார்கள் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்கிறார்கள். அவர்களிடம் நகரத்துக் கம்பெனி ஒன்றின் சத்து மாத்திரையைக் கொண்டுபோய் விற்கிறேன். மெக்னீசியம், மெலடோனின், அதோடு ஏதோ ஒரு வேர். டப்பாவின் மேல் நிலா படம் போட்டிருக்கும். இது மருந்து இல்லை, வெறும் சத்து என்று சொல்லித்தான் விற்க வேண்டும்; கம்பெனிக் கூட்டத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளதைச் சொன்னால், சிலருக்குத் தூக்கம் வரும், சிலருக்குக் கெட்ட கனவு வரும். எனக்கு ஏப்பம் வந்தது.

ஆனால் யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. பெற்றவளிடமே விலை வாங்கியவள் நான். இது ஊருக்கே தெரியும்.

ஒரு டப்பாகூட வாங்காதவள் என் ஓரகத்தி சாய்ரா. என் கணவரின் நடு அண்ணன் மனைவி. அவர் செத்துப்போன பிறகு அவளுக்கென்று இருந்தது ஒரே மகன் தாலாய். அவன் மாஸ்கோவுக்கு வண்டி ஏறியதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணுக்குக் கீழே கருவளையம் தொங்கும். நானும் விடாமல் போய் நச்சரிப்பேன்.

“தூங்காம இருந்தா உடம்பு என்னத்துக்குக்கா ஆகும்?”

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். போடி. வேரைத் தின்னுட்டுப் படுத்துக்க நான் என்ன செம்மறியா?”

வாய் அப்படி. ஆனால் டீ ஊற்றாமல் அனுப்ப மாட்டாள்.

அன்றைக்கு மதியம் வீட்டின் பெரியவர் ஒஸ்மோன் மாமா வந்தார். என் கணவருக்கு மூத்த அண்ணன். உள்ளே வரவில்லை. வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தாலாய் போயிட்டான்மா. சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். கூட வேலை பாக்குற பசங்க உடம்பை விமானத்துல ஏத்தி அனுப்புறாங்க.”

அந்தப் பயல் சின்னதில் என் அடுப்படிக்கு வந்து பாலாடையை விரலால் வழித்துத் தின்பான். திட்டினால் மூக்கிலும் பூசிக்கொண்டு சிரிப்பான். அவன் விழுந்தான் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. போனை ரிப்பேர் பண்ணித் தரேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். பெரியவங்க எல்லாரும் காலையில வந்து சொல்லுவாங்க.”

எங்களில் சாவுச் செய்தியை ஒருவர் தனியாகப் போய்ச் சொல்லிவிட முடியாது. பெரியவர்கள் கூடி வந்து, எதையெதையோ பேசி, சுற்றி வளைத்து, பதமாகக் காதில் போட வேண்டும். அதுவரை ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும். முந்திக்கொண்டு சொன்னவளை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

“விடிஞ்சா துக்கக் கூடாரம் போட்டுருவோம். அந்தக் கூடாரத்துக்குள்ள அவ போய் உக்காந்துட்டா அடக்கம் முடியுற வரைக்கும் அழுகைதான். இன்னிக்கு ஒரு ராத்திரியாவது அவ தூங்கட்டும். உங்கிட்ட அந்த மாத்திரை இருக்குல்ல, கொண்டுபோய்க் குடு.”

“அவங்க வாங்க மாட்டாங்க மாமா.”

“நீ பேசினா கல்லும் வாங்கும். போ.”

அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆண்கள் முடிவெடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். அந்த முகத்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டியவள் நான். இருந்தாலும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கும் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சாய்ரா முற்றத்தில் கம்பளியை விரித்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். காயவைத்து, ரஷ்யாவுக்குப் போகிறவர்கள் யாரிடமாவது மகனுக்குக் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். பக்கத்தில் ஒரு துணி நிறைய வில்லைகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

“என்னடி, கடையைத் தூக்கிட்டு வந்துட்டியா?”

“உங்களைப் பாக்க வந்தேன்க்கா.”

எங்கள் மரியாதைப்படி அவள் கிண்ணத்தில் பாதி டீ ஊற்றிக் கொடுத்தாள். நான் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“இதுல ரெண்டு போட்டுக்கிட்டு இன்னிக்கு நல்லாத் தூங்குங்கக்கா.”

“வெலை ஏறிடுச்சா, எறங்கிடுச்சா?”

“வெலை என்னக்கா வெலை. உங்களுக்குத்தானே. சும்மா வச்சுக்கோங்க.”

அவள் கத்தி பாதி ஆப்பிளில் நின்றது. சொன்ன மறுகணமே நான் செய்த தப்பு எனக்கு உறைத்தது. வழக்கம்போல விலை சொல்லிப் பேரம் பேசியிருக்க வேண்டும்.

“கம்பெனில எல்லாருக்கும் சும்மா குடுக்கச் சொன்னாங்க,” என்றேன்.

“அவங்க சும்மா குடுத்திருந்தா நீ அதையும் வித்திருப்பே.”

நான் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“காலையில பெரியவர் போனை வாங்கிட்டுப் போனாரு. அது நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி வந்து என் மாட்டைத் தானே கறந்து வச்சுட்டுப் போறா. என் மூஞ்சியைப் பாக்கல. இப்ப நீ. அவன் போனதுலேர்ந்து நான் தூங்கல அனாரா. ஏன்னு இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்கல. இன்னிக்கு மட்டும் நான் தூங்கணும்னு எல்லாருக்கும் என்ன அவசரம்?”

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவள் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தேன். கேட்டால் பொய் சொல்லத் தெம்பில்லை. உண்மையைச் சொல்ல உரிமை இல்லை.

அவள் கேட்கவில்லை. துணியில் கிடந்த ஒரு வில்லையைத் திருப்பிப் போட்டாள்.

“பெரியவங்க எப்ப வராங்க?”

“காலையில.”

“வரட்டும். வந்து அவங்க வாயால சொல்லட்டும்.”

டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“அவங்க வந்து சொல்ற வரைக்கும் எனக்குப் பிள்ளை இருக்கான். இந்த ஒரு ராத்திரிதான் இருக்கான். அதையும் என்னைத் தூங்கிக் கழிக்கச் சொல்றியா நீ?”

நான் அழுதேன். அவள் அழவில்லை. கத்தியை எடுத்துப் பாதியில் நின்ற ஆப்பிளை நறுக்கி முடித்து, வில்லைகளைத் துணியில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். “அழறதா இருந்தா வெளிய போய் அழு. இங்க இன்னும் யாரும் சாகல,” என்றாள்.

வெளியே வந்தேன். தெருமுனையில் ஒஸ்மோன் மாமா காருக்குப் பக்கத்தில் காத்திருந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

“போட்டுக்கிட்டாளா?”

டப்பாவை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினேன்.

“நல்லதாப் போச்சும்மா. ஒண்ணும் தெரியாம ஒரு ராத்திரி தூங்கட்டும்,” என்று சொல்லி, கூடாரத்துக்குக் கம்பு கொண்டுவர ஆள் சொல்லக் கிளம்பினார்.

கார் போனதும் நான் திரும்பி அவள் முற்றத்துக்கே போனேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு கத்தியை என் பக்கம் தள்ளிவிட்டாள். “மெல்லிசா நறுக்கு,” என்றாள். “தடியா இருந்தா அவனுக்குப் பிடிக்காது.”