மாட்டுக்கொட்டகைக்கு ஒரு சோகப்பாட்டு

ரோம் நகரத்து இடிபாடுகளுக்கு நடுவில்தான் எங்கள் வீடு. மாட்டுக்கொட்டகையை எல்லாரையும் போல நாங்களும் அங்கே கிடந்த பளிங்குத் துண்டுகளைப் பொறுக்கித்தான் கட்டியிருந்தோம். போன வசந்தத்தில் விட்கோம்ப் என்ற ஆங்கிலக் கவிஞர் வந்தார். எங்கள் இத்தாலியக் காவியங்களை மடமடவென்று ஒப்பிப்பார். ஒரு குவளை பால் கேட்க மட்டும் தெரியாமல் கையால் கறந்து காட்டினார்.

ஒருநாள் எங்கள் குட்டிச்சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வீழ்ந்த பேரரசே!" என்று தேம்பினார்.

என் கணவர் செத்திமியோவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அது எங்க மாட்டுக்கொட்டாய்ங்க. மழையில இடிஞ்சு விழுந்துச்சு."

"அந்தோ! தம் முன்னோர் பெருமை அறியா மாந்தர்!" என்று அதற்கும் காவிய நடையிலேயே பதில் வந்தது.

ஊருக்குப் போய் அந்தச் சுவரைப் பற்றி நூறு பாட்டு அச்சடித்துவிட்டார். இந்த வசந்தத்தில் புத்தகமும் கைக்குட்டையுமாக ஏழு பேர் வந்து அழுதார்கள். செத்திமியோ சுவரை எடுத்துக் கட்டச் சாந்து குழைத்ததும், "காட்டுமிராண்டி! பழமையை அழிக்காதே!" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா?

"ஆடு நனையுதேன்னு ஓநாய்கூட அழுதுச்சு. இங்க எங்க மாடு நனையுது, நீங்க சுவருக்கு அழறீங்களே!"