இறக்கையின் அடியில் மூன்று துளைகள்

காசிராஜன் செய்த கட்டிலில் யார் வேண்டுமானாலும் ஏறிக் குதிக்கலாம். அவன் செய்த விமானத்தில் ஏறச் சொன்னால் மட்டும் அவனே நழுவிவிடுவான். கல்யாண் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், நான்கு வருடமாக ஸ்ரீதேவி மேடத்துக்கு அந்த மர விமானத்தை இழைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டே இருக்கை. முதலாவது, ஓட்டப்போகும் மேடத்துக்கு. இரண்டாவது உங்களுக்குத்தான் என்பார் மேடம். உடனே இவனுக்கு முதுகுவலியோ மச்சினன் கல்யாணமோ வந்துவிடும்.

ஜூலை மழையில் கொட்டகைத் தகரம் ஒன்று பறந்தது. ரயில் நின்றுபோனதால் மூன்று நாள், தான் குடியிருக்கும் லேபர் கேம்ப்பை விட்டு அவன் நகர முடியவில்லை. நான்காம் நாள் வந்தபோது மேடம் இடது இறக்கையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபத்துமூன்று வயது. விமானம் ஓட்டும் லைசென்சுக்கான மெடிக்கல் சர்டிபிகேட் ஜனவரியோடு முடிகிறது. கண் டாக்டர் போன தடவையே உதட்டைப் பிதுக்கியாயிற்று. அதற்குள் பறந்தால் உண்டு.

"வார்னிஷ் பக்காவா இருக்கே காசி. காஞ்சா சரியாயிடுமோன்னோ?"

அவன் விரல் முட்டியால் தட்டினான். டக், டக். இறக்கை விமானத்தின் உடம்போடு சேரும் இடத்தில் மட்டும் 'தொத்'. மேல்மூடியின் இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

"இறங்கினாத்தான் என்ன, அடித் துளை வழியா வடிஞ்சிருக்கும்" என்றார் மேடம்.

எதற்கென்று கேட்காமல், வரைபடத்தில் இருந்தபடி மூன்று துளைகள் போட்டவன் அவன்தான். ஆனால் மே மாதக் கடைசியில், மழைக்கு முன் ஓர் ஓட்டையைப் பார்த்துவிட்டு, வருடாவருடம் கூரை ஒழுகும் லேபர் கேம்ப்காரன் எவன் சும்மா போவான்? மூன்றிலும் பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்டும் அடித்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காகத் தனக்குத் தானே ஓர் அரை கிளாஸ் கட்டிங் சாய் வேறு வாங்கிக் கொடுத்துக்கொண்டான்.

இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு வாரம் ஃபேன் போட்டால் வெளியே காய்ந்துவிடும். உள்ளே கட்டைகளை ஒட்டிய பசை விட்டிருந்தால், விமானம் மேலே போன பிறகுதான் தெரியும். அங்கே இவன் இருக்கப் போவதில்லை.

இரண்டாவது இருக்கையில், அவனுடைய குள்ள உயரத்துக்கென்று மேடம் தைத்த தடித்த மெத்தை, பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்தது.

"நாந்தான் அடைச்சேன் மேடம். ஓட்டைய. தண்ணி ஏறிரும்னு."

குத்தூசியால் பட்டியைக் குத்தினான். சாய் நிறத்தில் தண்ணீர் ஒழுகி அரை பக்கெட் நிறைந்தது. மேடம் அது நிற்கும்வரை பார்த்தார்.

"மேல்பலகைய வெட்டிப் பாக்கணும். உள்கட்டை போயிருந்தா மாத்தணும். ஜனவரி தாண்டிரும்."

"சொல்லாம இருந்திருந்தா பறந்திருப்பேன்."

"அதாம் சொல்லிட்டேன்."

"வெட்டுங்கோ. கண் டெஸ்ட்டை நான் பாத்துக்கறேன்."

வெட்டினான். உள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் கட்டை கறுத்திருந்தது. உளி, வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது.

"மேடம், நான் அம்பத்தெட்டு கிலோ."

"அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டாவது சீட்டுல உக்காருறவன் எடையக் கணக்குப் போடணும்னு சொன்னீயள்ள."

"முதுகுவலி?"

"இந்தக் கட்டைய மாத்தி முடிக்கதுக்குள்ள சரியாயிரும்" என்று அவன் உளியைத் துடைத்தான்.