படகில் போட ஒரு பாட்டு

மெர்வ் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றியபோதே, ஏதோ கேட்கக் கூசுகிறார் என்று தெரிந்துவிட்டது. என் கணவர் ரஸ் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மோர்ட்டன் விரிகுடாவில் அவர் சாம்பலைக் கரைப்பதாக ஏற்பாடு. படகு மெர்வுடையது. ரஸ்ஸும் மெர்வும் கோலினும் முப்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் மீன் பிடிக்கப் போன படகு. நான் அதில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கூப்பிட்டால்தானே வைக்க.

டீ போட்டுக் கொடுத்தேன். காற்று எப்படி இருக்கும், சாண்ட்விச்சுக்கு என்ன வைப்பது என்று மனுஷன் ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாட்டு போடலாமான்னு கேக்கத்தான் வந்தேன் வெர்னா. உங்களுக்குப் பாட்டுன்னா ஆகாதுன்னு தெரியும். இருந்தாலும் அன்னைக்கு ஒருநாள், அவனுக்காகப் பொறுத்துக்குவீங்களா?"

எனக்கா ஆகாது?

ரெட்கிளிஃப் நடனக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் பாடிக்கொண்டிருந்தவள் நான். ரஸ் என்னைப் பார்த்ததே அங்கேதான். கல்யாணம் ஆனதும் அவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. நாள் முழுக்கச் சம்மட்டிச் சத்தம், வீட்டிலாவது அமைதி வேண்டும், தலை பிளக்கிறது என்பார். முதலில் கூடத்தில் பாடுவது நின்றது. பிறகு பியானோவை விற்றோம். வானொலி என்றால் வானிலை மட்டும்தான். பாத்திரம் கழுவும்போது என்னை மறந்து ஒரு ராகம் வந்தால்கூடப் போதும், நெற்றியில் கை போய்விடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

படகில் பாட்டெல்லாம் உண்டா என்று மெர்விடம் சாதாரணமாகக் கேட்டுவைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"துறையை விட்டு வெளிய வந்ததும் முதல் வேலையா அவன்தானே போடுவான். ஆடுவான் வேற. பாவம், வீட்ல கேக்க முடியாததை எல்லாம் அங்க வந்து தீத்துக்குவான். 'வெர்னாவுக்குச் சத்தம் ஆகாதுடா'ன்னு மட்டும் சொல்வான். மத்தபடி உங்களைக் குறையா ஒரு வார்த்தை பேசினதில்ல."

பெரிய மனசுதான். கிறிஸ்துமஸுக்கு மெர்வ் வீட்டுக்குள் நான் நுழைந்ததும் அவர் மனைவி ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்துவாள். ரஸ்ஸின் தலைவலிக்காக என்று நினைத்து அவளுக்கு நான் நன்றி வேறு சொல்லியிருக்கிறேன். ரஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருப்பார். மேடையில் என்னை நாலு பேர் பார்த்தது பிடிக்கவில்லையா, இல்லை, பாட்டு தனக்கு மட்டும் வேண்டுமென்று நினைத்தாரா, இனி யாரிடம் போய்க் கேட்பது?

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் செத்தவன் பொய் சொன்னான் என்று பெண்டாட்டி சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? துக்கத்தில் உளறுகிறாள் என்பார்கள். வாயால் சொல்ல வேண்டாம், பாடியே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மெர்வ் எல்லாம் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். கிளம்பும்போது துள்ளலாக ஏதாவது, தூண்டில் போட்டபின் டிரம் சத்தமே கூடாது, பெட்டியில் பீர் தீர்ந்து திரும்பும்போது மெதுவான பாட்டு. இதுதான் அவர்கள் வழக்கமாம். ரஸ் சேர்த்துவைத்த பாட்டுகள் கைபேசியில் வரிசையாக இருந்தன. தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் அது இருந்தது. கூடத்தில் கடைசி நடனத்துக்கு, விளக்கைக் குறைத்துவிட்டு, நான் பாடுகிற பாட்டு.

அது ரஸ்ஸின் சொந்தப் பாட்டு, வேறு யாரையும் கூடப் பாட விடமாட்டான் என்றார் மெர்வ்.

"அதைப் போடுங்க. அது ஒண்ணு போதும்," என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஏதோ விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைத்திருப்பார்.

ஞாயிறன்று காற்றே இல்லை. கோலின் எனக்காக ஒரு மெத்தை கொண்டுவந்து போட்டிருந்தார். என்ஜின் சத்தத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டார். பதில் சொன்னால் வாயில் என்ன வருமோ என்று தலையை மட்டும் ஆட்டினேன். படகுகளுக்கு வழிகாட்டும் விளக்கு மிதவையைத் தாண்டியதும் என்ஜினை நிறுத்தினார்கள். சாம்பல் பெட்டி என் மடியில் இருந்தது. மெர்வ் என்னைப் பார்த்தார். போடுங்கள் என்று ஜாடை காட்டினேன்.

முதலில் பியானோ. எந்த இடத்தில் மூச்சை இழுக்க வேண்டும் என்பது உடம்புக்கு ஞாபகம் இருந்தது. பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து எழுந்து நின்றேன். அந்த வீட்டில் யாருக்குச் சத்தம் ஆகாது என்று இவர்கள் இரண்டு பேராவது இன்றைக்குத் தெரிந்துகொள்ளட்டும்.

பாட்டும் நீச்சல் மாதிரி, மறக்காது என்று நினைத்திருந்தேன். உண்மைதான், ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. குரல்தான் இல்லை. வாயைத் திறந்தால் கரகரவென்று காற்று வந்தது. அடுத்த அடியில் மேலே போகப் பார்த்தேன். தொண்டை கீறிக்கொண்டு ஏதோ ஒரு ஓலம் வந்தது. அது என் குரல் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

கோலின் பாய்ந்து என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். மெர்வ் பாட்டை நிறுத்தினார்.

"மன்னிச்சிடுங்க வெர்னா. உங்களால தாங்க முடியாதுன்னு தெரிஞ்சும் போட்டது எங்க தப்பு."

இல்லை, போடுங்கள், நான் பாடத்தான் எழுந்தேன் என்று சொல்ல வந்தேன். இருமல் விடவில்லை. கையை நீட்டிக் கைபேசியைக் காட்டினேன். மெர்வ் அதை அவசரமாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கோலின் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். என்ஜின் ஓடவில்லை என்பது மறந்துவிட்டது போலிருக்கிறது. தாழ்ந்த குரலில்தான் சொன்னார், எனக்கு நன்றாகவே கேட்டது.

"ரஸ்ஸு பாவம்டா. இவங்களை வச்சுக்கிட்டு எப்படித்தான் காலத்தை ஓட்டினானோ."