ஏழாம் எண் குழாய்

அம்மா இரண்டாவது தடவையும் மாத்திரையைத் துப்பினாள். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மகள் முட்டி போட்டுக் குனிந்து, கையை விட்டுத் துழாவி எடுத்தாள். இதயத்துக்கான மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார். இன்றோடு மூன்று நாள்.

தம்பியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முப்பத்தாறு வயது. லிஃப்ட் மெக்கானிக். எல்லோருக்கும் அவன் 'லிஃப்ட்டு'தான். லிஃப்ட் கெட்டுப்போன இடத்துக்குத்தானே அவனைக் கூப்பிடுவார்கள், அதனால் ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவன் மட்டும் படியேறியே போக வேண்டும். பதினான்கு மாடி ஏறி, மொட்டை மாடி மோட்டார் அறையில் ஸ்பேனரைக் கையில் எடுத்தவனுக்கு அங்கேயே மாரடைப்பு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காவலாளி போய்ப் பார்த்தார்.

அம்மா முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். படிக்கட்டில் தொங்குகிறவர்களை ஒரே அதட்டலில் உள்ளே இழுத்த வாய். அந்த வாய் மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்தது.

மாடி வீட்டுக்காரி ரொட்டியும் சூடான பாலும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நல்ல மனுஷிதான். போகிற போக்கில்தான் சொன்னாள்.

"காலாகாலத்துல ஒரு கல்யாணம் ஆகி, ஒரு குழந்தையாவது இருந்திருந்தா அது முகத்தைப் பார்த்து மனசைத் தேத்திக்கலாம். அவன்னு சொல்ல ஒண்ணுமே மிச்சமில்லாம போயிட்டானே."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனாலும் பாய்ந்தது. அவள் போனபிறகு அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"கேட்டியா? ஒண்ணுமே மிச்சமில்லையாம். அப்புறம் எனக்கு எதுக்குடி மாத்திரை? நானும் போய்ச் சேர்றேன்."

'நான் ஒருத்தி இருக்கேனே' என்பது மகளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதில், செத்துப்போன தம்பியோடு போட்டி போடுவதா? சின்ன வயதில் போட்டதெல்லாம் போதாதா? ஆனால் வலித்தது. மாத்திரையைத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மிச்சம். அந்தச் சொல் மனதில் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கே போய் எதைத் தட்டியதோ, திடீரென்று அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் லேப்ல புதுசா சேர்ந்தப்போ உன்கிட்ட ரத்தம் எடுத்துட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆம்பளை ரத்தமான்னு கண்டுபிடிக்கற டெஸ்ட் அது. டெஸ்ட் சுத்தமா நடக்குதான்னு பார்க்க ஒரு பொம்பளையோட ரத்தத்தையும் கூட வைப்போம். அதுல ஒண்ணும் தெரியக்கூடாது. ஏழாம் நம்பர் குழாய் உன்னோடது."

"அதுக்கென்ன இப்போ?"

"ஆம்பளைன்னு காட்டிச்சு. மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் துளியூண்டு காட்டிச்சு."

அன்று லேப் சார் ஆடிய ஆட்டம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. எவனோ குழாய்மேல் தும்மியிருக்கிறான், நீ கையுறையை ஒழுங்காகப் போடவில்லை என்று கத்தினார். அறை முழுவதையும் அவளைத் துடைக்க வைத்தார். பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு நேரே 'கெட்டது' என்று அவள் தன் கையாலேயே எழுதிக் குழாயைக் குப்பையில் போட்டாள். வீட்டுக்கு வந்து அழுதபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, நாளையிலேர்ந்து கை கழுவிட்டு வேலைக்குப் போ" என்றான். ஒரு வாரம் விடாமல் அதையே சொல்லிக் காட்டினான்.

அதற்குப் பத்து வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில், பெண்ணின் ரத்தத்தில் இப்படி ஆண் தெரிவது ஏன் என்று சொன்னார்கள். அவள் குறிப்பெல்லாம் எடுத்தாள். ஊரார் ரத்தத்துக்கெல்லாம் பொருத்திப் பார்த்தவளுக்கு, சொந்த அம்மாவின் குழாய் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"குப்பையில போட்டேம்மா. எவனோ தும்மிட்டான்னு நினைச்சுப் போட்டேன். யாரும் தும்மலம்மா. அது அவன்தான்."

அம்மா மெல்ல நிமிர்ந்தாள்.

"வயித்துல இருக்கறப்போ பிள்ளையோட செல்லு கொஞ்சம் தாய் ரத்தத்துல கலந்துடும். பிறந்ததும் எல்லாம் போயிடாது. சிலது அங்கேயே தங்கிடும். இருபது, முப்பது வருஷம் கழிச்சும் இருக்கும். உனக்கு ஆம்பளப் பிள்ளை அவன் ஒருத்தன்தானே? நடுவுல கலைஞ்சது, ரத்தம் ஏத்தினது ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் கிடையாது." அம்மா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அப்போ இத்தனை வருஷமா டிக்கெட் எடுக்காமலா உக்காந்துட்டு வர்றான்?"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்கிட்டயே! செக்கிங் ஏறினா என் வேலை இல்ல போயிருக்கும்?" என்ற அம்மாவின் குரல் பாதியில் உடைந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சற்றுக் கழித்துக் கேட்டாள்.

"என்னோடது அவன்கிட்ட போயிருக்குமா?"

"போயிருக்கும்மா. அப்படியும் நடக்கும்னுதான் சொன்னாங்க."

"அப்போ அந்த மொட்டை மாடியில அவன் தனியா..."

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தும் சத்தம் கேட்டது. அம்மா நிமிர்ந்து மகளை உற்றுப் பார்த்தாள்.

"உன்னைக் காட்டலையா அது?"

"நானும் இருக்கலாம். ஆனா அந்த டெஸ்ட்டுக்கு ஆம்பளைதான் தெரியும். பொண்ணு உடம்புல பொண்ணைப் பிரிச்சுக் காட்டாது." சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"உன்னைத் தேடறதுக்கு டெஸ்ட் வேற வேணுமா? கட்டிலுக்கு அடியில பூந்து மாத்திரை பொறுக்கினது யாராம்?"

தம்பி செத்த சேதி வந்ததிலிருந்து மகள் அழவில்லை. வண்டி, இறப்புச் சான்றிதழ், கையெழுத்து என்று ஓடிக்கொண்டே இருந்தாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அம்மா தடுக்கவில்லை. மகளின் தலையில் கையை வைத்தபடி பக்கத்திலேயே இருந்தாள்.

"போதும், மூஞ்சியைத் துடை. இன்னொரு தடவை எடுத்துப் பாரு."

"எதை?"

"ரத்தத்தை."

"எடுக்கலாம்மா. ஆனா இந்தத் தடவை தெரியாமலும் போகலாம். லட்சம் செல்லுல ஒண்ணு, ரெண்டுதான் அவனோடதா இருக்கும்."

"நெரிசல்ல ஒரு ஆளு கண்ணுக்குத் தெரியலேன்னா ஆளே இல்லேன்னு அர்த்தமா? தெரியலேன்னா மறுபடி எடு. அதுக்கப்புறமும் எடு."

"மூணு நாளா பட்டினி கிடக்கிற உடம்புல நான் ஊசி குத்த மாட்டேன். நீ மயக்கம் போட்டு விழுந்தா நான்தான் திட்டு வாங்கணும்."

அம்மா முறைத்தாள். கூட்டம் நிரம்பி வழிகிற பஸ்ஸில் சில்லறை இல்லை என்றவனைப் பார்க்கிற முறைப்பு. பிறகு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ரொட்டியைப் பாலில் தோய்த்தாள். முதல் வாய் இறங்க நேரம் பிடித்தது. அடுத்தது பரவாயில்லை.

மகள் எழுந்து அலமாரியில் ஊசியும் பஞ்சும் தேடினாள். திரும்பிப் பார்த்தபோது அம்மா மூன்றாவது துண்டை மென்றுகொண்டிருந்தாள். ரவிக்கையின் இடது கையை மேலே ஏற்றிவிட்டு, கையைத் தட்டுக்குப் பக்கத்தில் மேஜைமேல் நீட்டி வைத்திருந்தாள்.