மயக்க மருந்தை நிறுத்தச் சொன்னவள்

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து தம்பி உள்ளே போனான். மண்வெட்டி போட்டால் தலையில் பட்டுவிடும் என்று அக்கா கையாலேயே தோண்டினாள். ஆளை வெளியே இழுத்தபோது அவளுக்கு மூன்று நகம் இல்லை. அவனுக்கு மூச்சு இல்லை. மாரை அமுக்கி அமுக்கித்தான் மூச்சை வரவழைத்தார்கள்.

இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறான். வாயில் குழாய். மூச்சை இயந்திரம் விடுகிறது. தலைமாட்டில் ஒரு சின்னப் பம்பு ஊசியைத் தள்ளித் தள்ளி மயக்க மருந்து ஏற்றுகிறது.

இரண்டாம் நாள் ஆய்வு நர்ஸ் படிவத்தோடு வந்தாள். தினமும் காலை எட்டு மணிக்கு மயக்க மருந்தை நிறுத்தி ஆள் விழிக்கிறானா என்று பார்ப்பது ஒரு முறை. நிறுத்தாமல், நுரையீரல் தேறத் தேறக் குறைத்துக்கொண்டே வருவது இன்னொரு முறை. எது மேல் என்று யாருக்கும் தெரியாது, அதற்குத்தான் ஆய்வு. யாருக்கு எது என்பதை ஒட்டி மூடிய ஓர் உறை சொல்லும். வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம். அக்கா கைநாட்டு வைத்தாள். உறையைக் கிழித்தால் தம்பிக்கு நிறுத்தாத முறை.

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவருக்கு மற்றது. தினமும் எட்டரைக்கெல்லாம் கண்ணைத் திறந்துவிடுவார்.

"பாத்தியா, கண்ணத் தொறந்ததுமே மொறைக்கிறாரு. வீட்ல இருக்குற மாதிரியே இருக்கு!" என்று அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். ஒரு உறை முன்னே பின்னே வந்திருந்தால் அவனும் முறைத்திருப்பான். ஆறாம் நாள் நர்ஸை வழிமறித்தாள்.

"எனக்கு உங்க ஆய்வு வேணாம். மருந்த நிறுத்துங்க."

"அக்கா, மண்ணுக்குள்ள எவ்வளவு நேரம் மூச்சில்லாம கெடந்தான்னு தெரியலன்னு டாக்டர் முதல் நாளே சொன்னாருல்ல?"

"சொன்னாரு, சொன்னாரு. அவன் எமகாதகன். மருந்து குடுத்து அமுக்கி வச்சிருக்கீங்க, எப்படி எந்திரிப்பான்?"

நர்ஸ் விலகல் படிவத்தில் இன்னொரு கைநாட்டு வாங்கிக்கொண்டாள். நுரையீரல் தாங்கும் என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். மறுநாள் எட்டு மணிக்குப் பம்பை நிறுத்தினார்கள்.

அக்கா அவன் காதோடு வாய் வைத்துக் கத்தினாள். "டேய் சோம்பேறி! மேஸ்திரி வந்துட்டாருடா! கூலிய வெட்டிருவாருடா!" அந்தப் பேச்சுக்குச் செத்த பிணமும் எழுந்துவிடும் என்று வேலையிடத்தில் சிரிப்பார்கள். அவன் இமைகூட ஆடவில்லை. மத்தியானம் போனது. ராத்திரி போனது. மறுநாளும் போனது.

மருந்தை நிறுத்திய மூன்றாம் நாள் டாக்டர் வந்து அவன் நகக்கண்ணைப் பேனாவால் அழுத்தினார். பார்த்த அக்கா தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவன் இழுக்கவில்லை.

"ரத்தத்துல மருந்து சுத்தமா இல்லம்மா. இது மருந்தால வந்த தூக்கம் இல்ல. ஸ்கேன்லயும் அப்படித்தான் தெரியுது. மூளை அடிபட்டுப் போச்சு."

டாக்டர் போனபிறகும் நர்ஸ் நின்றாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், அந்த மருந்த மறுபடி போடச் சொல்லு."

"எதுக்குக்கா?"

"அது ஓடிக்கிட்டு இருந்தவரைக்கும் தூங்குறான்னு உக்காந்திருந்தேன்."

"விலகினவங்கள ஆய்வுல திரும்பச் சேர்க்க முடியாதுக்கா."

"ஆய்வு கெடக்குது. மருந்த மட்டும் போடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நர்ஸ் தலையைத் திருப்பினாள். அவள் பார்வை போன பக்கம் அக்காவும் பார்த்தாள். தலைமாட்டில் வெறும் கம்பிதான் நின்றது. வேறு கட்டிலுக்குத் தேவைப்பட்டதென்று பம்பைக் காலையிலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.